பிரஷர் குளிசையும் வெளியே சொல்லப்படாத ஒரு துன்பமும்

தெல்தோட்டை, கலஹா, ஹந்தானை, புசல்லாவை ஆகிய பகுதிகளிலிருந்து மாதாந்த கிளினிக்குக்காகக் கண்டி தேசிய வைத்தியசாலைக்கும் பேராதனை போதனா வைத்தியசாலைக்கும் வரும் வயதான பெண்களுள் சிலர், பயணத்துக்கு முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீர் அருந்துவதைக் குறைத்துக் கொள்கின்றனர். விடியற்காலைத் தேநீரையும் தவிர்த்து விடுகின்றனர். வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் பஸ் குலுங்கும்போது சிறுநீர் கசிந்து சேலை நனைந்து விடுமோ என்ற அச்சமே இதற்குக் காரணம். தேயிலை நாட்டில் பிறந்து வளர்ந்த ஒருவர் காலைத் தேநீரை வேண்டாமென்று ஒதுக்குவதாயின் அந்த அச்சம் எத்தகையது என்பதை வாசகர் ஊகித்துக் கொள்ளலாம்.

இருமும்போதும் தும்மும்போதும் படியேறும்போதும் தம்மை அறியாமலே சிறுநீர் கசிவதைச் சிறுநீர்க் கட்டுப்பாடின்மை என மருத்துவம் குறிப்பிடுகின்றது. நான்கைந்து பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இது வருவதுதான், வயது போனால் இப்படித்தான் என்று வீட்டில் கூறப்படுகின்றது. பாதிக்கப்பட்டவரும் அதையே நம்பி விடுகின்றார். இலங்கைப் பெண்களிடையே நடத்தப்பட்டு 2014ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றும், இத்துன்பத்துக்கு உள்ளானோரில் பெரும்பாலானோர் மருத்துவ உதவியை நாடவில்லை என்பதைக் காட்டியது. மகப்பேறும் மூப்பும் காரணங்கள் என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. எனினும், இவற்றைவிட எளிதாகக் கண்டறியக்கூடியதும் எளிதாக நீக்கக்கூடியதுமான காரணம் ஒன்றும் உண்டு. அது அந்தப் பெண் நாள்தோறும் விழுங்கும் பிரஷர் குளிசையாக இருக்கலாம்.

எல்லாப் பிரஷர் குளிசைகளையும் நாம் இங்கு குறிப்பிடவில்லை. நாம் கருதுவது பிரஸோசின் என்னும் மருந்தையும் அதன் இனத்தைச் சேர்ந்த டொக்ஸஸோசின், டெரஸோசின் ஆகியவற்றையுமாகும். பிரஸோசின் 1970களில் உயர் இரத்த அழுத்தத்துக்கான மருந்தாகச் சந்தைக்கு வந்தது. அமெரிக்காவில் பைசர் நிறுவனம் மினிபிரஸ் என்ற வர்த்தகப் பெயரில் இதனை விற்பனை செய்தது. இரத்தக் குழாய்களின் சுவரிலுள்ள தசையை நேரடியாகவே தளர்த்தி அவற்றை விரிவடையச் செய்யும் மருந்து என்றே தொடக்கத்தில் இது கருதப்பட்டது. அது செயற்படும் வழி வேறு என்பது பின்னரே தெளிவாயிற்று.

எமது உடலில் நோர்அதிரினலின் என்றொரு சுரப்பு உண்டு. நரம்பு முனைகளிலிருந்து வெளிப்படும் இது, இரத்தக் குழாய்த் தசையிலுள்ள அல்பா-1 வாங்கிகள் எனப்படும் இடங்களில் சென்று பொருந்தும்போது தசை சுருங்குகின்றது, குழாய் ஒடுங்குகின்றது, அழுத்தம் உயர்கின்றது. பூட்டுக்குள் திறப்பு நுழைவதற்கு இதனை ஒப்பிடலாம். பிரஸோசின் அந்தப் பூட்டின் துவாரத்தை அடைத்துக் கொள்கின்றது. திறப்பு நுழைய வழியில்லாது போகவே குழாய் தளர்ந்து விரிகின்றது, அழுத்தம் இறங்குகின்றது.

இதே வாங்கிகள் இரத்தக் குழாய்களில் மட்டும் இருந்திருப்பின் இக்கட்டுரைக்குத் தேவை ஏற்பட்டிராது. சிறுநீர்ப்பையின் கழுத்திலும் சிறுநீர்வழியின் தசையிலும் அவை இருக்கின்றன. பை நிரம்பும் வேளையில் அதன் வாயை இறுக்கி மூடி வைத்திருப்பதில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு. இரத்தக் குழாயைத் தளர்த்தும் குளிசை அந்த வாயையும் சேர்த்தே தளர்த்தி விடுகின்றது. ஆணின் சிறுநீர்வழி ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் நீளமானது; பெண்ணினுடையது ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் மட்டுமே. மகப்பேறுகளால் இடுப்புத்தளத் தசைகள் முன்னரே நலிவடைந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு எஞ்சியிருக்கும் பாதுகாப்பு இந்தச் சிறிய தசையின் இறுக்கமே. அதுவும் தளர்ந்தால் ஓர் இருமல் போதும்.

இதிலுள்ள விசித்திரம் யாதெனில், இதே விளைவு ஆண்களுக்கு வரப்பிரசாதமாக அமைவதுதான். வயதான ஆண்களுக்குப் புரஸ்தசுரப்பி வீங்கிச் சிறுநீர்வழியை நெரிக்கும்போது, அந்த நெரிப்பைத் தளர்த்துவதற்காக இதே இன மருந்துகள் வழங்கப்படுகின்றன. இன்று அதிகம் பயன்படும் டம்சுலோசினும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஒரே வீட்டில் கணவனும் மனைவியும் ஒரே இனக் குளிசையை விழுங்க, கணவர் இரவில் நிம்மதியாக உறங்குவதும், மனைவி பழந்துணியைத் தேடுவதும் நிகழக்கூடியதே. கணவர் புகழும் மருந்தைத் தான் குறை கூறுவது எவ்வாறு என்று அந்த அம்மையார் தயங்குவதில் வியப்பில்லை.

இது புதிய கண்டுபிடிப்பன்று. 1978ஆம் ஆண்டிலேயே நெதர்லாந்து மருத்துவர்கள், பிரஸோசின் உட்கொண்டவர்களுக்குச் சிறுநீர்க் கட்டுப்பாடு குலைந்தமையைப் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் அறிவித்தனர். மருந்து பரவலான புழக்கத்துக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. 1988இல் அவுஸ்திரேலிய மருத்துவச் சஞ்சிகையிலும் இவ்வாறான நோயாளர்களைப் பற்றிய அறிக்கை வெளிவந்தது. 1992இல் அதே நாட்டைச் சேர்ந்த டுவையர், ரீல் ஆகிய இருவரும் சிறுநீர்க் கோளாறுகளுக்காகச் சிகிச்சை நாடிய பெண்களை ஆராய்ந்து, பிரஸோசினைப் 'புறக்கணிக்கப்பட்ட காரணம்' என்று தமது கட்டுரையின் தலைப்பிலேயே குறிப்பிட்டனர். முதல் அறிக்கை வெளியாகிப் பதினான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரும் அச்சொல் பொருத்தமாகவே இருந்தது என்பது கவனத்திற்குரியது.

எண்ணிக்கையில் தெளிவைத் தந்தது 1996இல் மார்ஷல், பீவர்ஸ் ஆகியோர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் செய்த ஆய்வாகும். உயர் இரத்த அழுத்தத்துக்காக இவ்வின மருந்தை உட்கொண்ட 49 பெண்களையும், வேறு மருந்துகளை உட்கொண்ட 49 பெண்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். முதற் பிரிவில் நூற்றுக்கு நாற்பது பேர் வரை சிறுநீர்க் கசிவு உள்ளதாகக் கூறினர். மற்றைய பிரிவில் அது நூற்றுக்குப் பதினாறு அளவிலேயே இருந்தது. மருந்து நிறுத்தப்பட்டவர்களுள் பெரும்பாலானோருக்குக் கசிவு நீங்கியது என்பதே எமக்கு முக்கியமான செய்தி. 98 பேர் என்பது சிறிய தொகைதான். ஆயினும் மருந்தைத் தொடங்கியபோது தோன்றி, நிறுத்தியபோது மறையும் ஒன்றைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் முதியோருக்குப் பொருந்தாத மருந்துகளை வகைப்படுத்தி வெளியிடும் பீயர்ஸ் பட்டியலின் 2012ஆம் ஆண்டுப் பதிப்பில், இருமும்போதும் சிரமப்படும்போதும் சிறுநீர் கசியும் பெண்களுக்கு இம்மருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்று கூறப்பட்டது. பின்வந்த பதிப்புகளிலும் அந்த எச்சரிக்கை நீடிக்கின்றது.

அவ்வாறாயின் இம்மருந்து எதற்கு என்று வாசகர் கேட்கக்கூடும். பிரஸோசினுக்கு நாம் பழி சுமத்த விரும்பவில்லை. இந்தியச் செந்தேளின் கொட்டுக்கு இதைப்போல் உதவிய மருந்து வேறில்லை எனலாம். அந்தத் தேளின் நஞ்சு உடலில் நோர்அதிரினலினை வெள்ளமாகப் பாயச் செய்து இதயத்தைச் செயலிழக்க வைக்கின்றது. அந்த வெள்ளத்துக்கு அணை போடுவது பிரஸோசின். மகாராஷ்டிர மாநிலத்தின் மஹாட் என்ற சிற்றூரில் பணியாற்றிய டொக்டர் பவாஸ்கர், 1986இல் லான்செட் சஞ்சிகையில் இதனை உலகறியச் செய்தார். அதே தேள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் இருப்பதையும் அதன் கொட்டுக்கு உள்ளானோரின் நிலையையும் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். ஏ. எம். குலரத்ன யாழ்ப்பாண மருத்துவர்களுடன் இணைந்து ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார். கண்டிக்கு அருகிலிருந்தே இம்மருந்தின் நற்பயன் பற்றிய அறிவு வளர்ந்திருக்கும்போது, அதன் மறுபக்கமும் இங்கு அறியப்பட வேண்டும் என்பதே எமது எண்ணம்.

உயர் இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை நிலைமை மாறியுள்ளது. அமெரிக்காவில் நடத்தப்பட்ட பேராய்வு ஒன்றில் டொக்ஸஸோசின் பெற்றோருக்கு இதயச் செயலிழப்பு ஏறத்தாழ இரு மடங்காக ஏற்பட்டமையால், அப்பிரிவு 2000ஆம் ஆண்டில் இடைநடுவே நிறுத்தப்பட்டது. அதன் பின்னர் இவ்வின மருந்துகள் முதல் வரிசையிலிருந்து கீழிறங்கி, ஏனைய குளிசைகள் போதாதபோது சேர்த்துக் கொள்ளப்படுபவையாகின. ஆனாலும் சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்குப் பல மருந்துகள் ஒவ்வாமற் போகும்போது பிரஸோசின் கைகொடுக்கின்றது. விலையும் மலிவு. ஆகவே நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் உயர் இரத்த அழுத்தமும் ஒன்றுசேர்ந்த வயதான நோயாளர்களின் கிளினிக் கொப்பிகளில் இதன் பெயரைக் காண்பது அரிதன்று. நீரிழிவும் மகப்பேறும் வயதும் ஏற்கெனவே சிறுநீர்க் கட்டுப்பாட்டைத் தளர்த்தியிருக்கும் பெண்களிடமே அது போய்ச் சேர்கின்றது.

தனி மருந்தைவிடக் கூட்டு மருந்துகளே பெரும்பாலும் தொல்லையை முற்றச் செய்கின்றன. எனலப்ரில், கப்டோப்ரில் போன்ற குளிசைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தோற்றுவிக்கும். புருசமைட் போன்ற சிறுநீர்போக்கிகள் பையை விரைவாக நிரப்பும். அம்லோடிபின், நிபெடிபின் ஆகியவை கணுக்காலில் நீர் கோர்க்கச் செய்வதுண்டு. பகலில் காலில் தேங்கிய அந்த நீர் படுத்ததும் இரத்தத்தில் திரும்பிச் சேர்ந்து, இரவில் பலமுறை எழ வைக்கும். இப்பொழுது கணக்குப் பார்ப்போம். ஒரு குளிசை பையின் வாயைத் தளர்த்துகின்றது. இன்னொன்று பையை நிரப்புகின்றது. மூன்றாவது இருமச் செய்கின்றது. ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமான மருந்துதான். மூன்றும் ஒரே உடலில் சந்திக்கும்போது நேர்வதற்கு வயதின் மீது பழி போடப்படுகின்றது.

இன்னோர் ஆபத்தும் இதில் அடங்கியுள்ளது. பிரஸோசினின் முதல் வேளைக் குளிசையின் பின்னர் சிலருக்கு அழுத்தம் சடுதியாக இறங்கி மயக்கம் வருவதுண்டு. ஆகவேதான் அரை மில்லிகிராம் என்னும் மிகச் சிறிய அளவில், படுக்கைக்குப் போகும் வேளையில் அதனைத் தொடங்குமாறு மருத்துவர்கள் கூறுகின்றனர். பின்னரும்கூடப் படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் தலைசுற்றும். கசிவுக்கு அஞ்சி நள்ளிரவில் அவசரமாக எழுகின்ற மூதாட்டி, பழைய லயன் குடியிருப்பொன்றில் வெளியேயுள்ள மலசலகூடத்துக்கு ஈரப் படிகளில் இறங்கிச் செல்ல வேண்டியிருப்பின் நிகழக்கூடியதைச் சொல்லத் தேவையில்லை. இடுப்பெலும்பு முறிந்து வருபவரின் அனுமதிப் படிவத்தில் 'வழுக்கி விழுந்தார்' என்று எழுதப்படும். அவர் ஏன் எழுந்தார், ஏன் விரைந்தார் என்பவற்றுக்கு அதில் இடமில்லை.

இவற்றையெல்லாம் வாசித்துவிட்டு எவரும் தம் குளிசையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது என்பதை அழுத்திக் கூற விரும்புகிறோம். அவ்வாறு நிறுத்துவோர் இருக்கவே செய்கின்றனர். கிளினிக் நாளன்று மட்டும் குளிசையைத் தவிர்ப்போரும் உள்ளனர். அன்று அளக்கும்போது அழுத்தம் உயர்ந்திருக்கக் காணும் மருத்துவர், மருந்து போதவில்லை என்று கருதி அளவைக் கூட்டி எழுதுகின்றார். கூட்டிய அளவு கசிவை மேலும் கூட்டுகின்றது. வெட்கத்தால் மறைக்கப்பட்ட ஒரு விடயம் இவ்வாறு வைத்தியசாலையின் முடிவையே பிழையாக்கி விடுகின்றது. கட்டுப்பாடற்ற இரத்த அழுத்தம் பக்கவாதத்துக்கும் சிறுநீரகச் செயலிழப்புக்கும் இட்டுச் செல்லும். மருந்தை மாற்றுவதும் குறைப்பதும் மருத்துவரின் வேலை. மாற்ற வேண்டிய காரணத்தை அவருக்குத் தெரிவிப்பதே நோயாளியின் வேலை.

அவ்வாறு தெரிவிப்பது மலையகப் பெண்ணுக்கு எவ்வளவு கடினமானது என்பதை நாம் அறிவோம். நெரிசல் மிக்க கிளினிக்கில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். மருத்துவர் இளைஞராக, ஆணாக, சிங்களம் மட்டும் பேசுபவராக இருக்கலாம். மேசையைச் சுற்றி மேலும் நான்கு நோயாளர் நிற்பர். மொழிபெயர்க்க வந்தவர் சொந்த மகனாகவே இருப்பார். மகனின் வாயால் இதனைச் சொல்லச் சொல்ல எந்தத் தாய்தான் துணிவார்? பெண் மருத்துவரிடமோ தாதியிடமோ தனியே கூற வாய்ப்பளிக்கப்படுவதும், தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவர் கிளினிக் நாட்களில் இருப்பதும் பெரும் செலவு பிடிக்கும் சீர்திருத்தங்கள் அல்ல.

கேள்வி நோயாளியிடமிருந்து பிறக்கும் என்று காத்திராமல் மருத்துவரே கேட்பது அதனிலும் நன்று. இக்குளிசையைத் தொடங்கும்போது ஒருமுறையும் அடுத்த கிளினிக்கில் ஒருமுறையும், 'இருமும்போது சிறுநீர் கசிகிறதா?' என்று வினவினால் போதும். கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் பதில் சொல்கின்றனர், கேட்கப்படாதவர்களே மறைக்கின்றனர். பர்மிங்ஹாம் ஆய்வும் அடிப்படையில் பெண்களிடம் கேட்டறிந்ததே.

மருந்தின் பெயர் பற்றியும் ஒரு சொல். பேராதனை மருத்துவ பீடத்தில் பேராசிரியராகவும் பீடாதிபதியாகவும் கடமையாற்றிய சேனக பிபிலே, மருந்துகள் வர்த்தகப் பெயரால் அன்றி அவற்றின் சொந்தப் பெயரால் அறியப்பட வேண்டும் என்று போராடியவர். 1971இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவரே. விலையைக் குறைப்பது அக்கொள்கையின் நோக்கமாகப் பேசப்படுகின்றது, அது உண்மையே. நோயாளி தான் விழுங்குவது இன்னதென்று அறிந்து கொள்வதற்கும் அதே வழிதான் உதவுகின்றது. வெள்ளைக் குளிசை, சின்னக் குளிசை, இரவுக் குளிசை என்று மட்டும் அறிந்திருப்பவரால் இந்தக் கட்டுரையை வாசித்தும் பயன் பெற முடியாது. வைத்தியசாலை மருந்தகத்தில் தரப்படும் சிறிய கடதாசி உறையில் மருந்தின் பெயரும் வேளையும் தமிழிலும் எழுதப்படுமாயின், வீட்டிலுள்ள பாடசாலைப் பிள்ளையாவது அதை வாசித்துச் சொல்லும்.

மருந்து மாற்றப்பட்ட பின்னர் கசிவு குறைவதை அறிய நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதில்லை. பிரஸோசின் உடலில் சில மணித்தியாலங்களே நிலைத்திருப்பது. அதனாலேயே அது நாளொன்றுக்கு இருமுறை, மும்முறை கொடுக்கப்படுகின்றது. கசிவுக்குக் காரணம் அதுவாக இருந்திருப்பின் நாட்களிலோ சில வாரங்களிலோ வேறுபாடு தெரியவரும். தெரியாவிடின் காரணம் வேறு. அதனைத் தேட வேண்டும். சிறுநீர்த் தொற்று, நீரிழிவு, கருப்பை இறக்கம் ஆகியவை முதலில் பார்க்கப்பட வேண்டியவை. இடுப்புத்தளத் தசைகளைச் சுருக்கி விரிக்கும் எளிய பயிற்சியை அமெரிக்க மருத்துவர் ஆனல்ட் கீகல் 1948இல் விவரித்தார். சிறுநீரை அடக்குவதுபோல் அத்தசையை இறுக்கிச் சில விநாடிகள் வைத்திருந்து தளர்த்துவதே அது. அமர்ந்த இடத்திலும் செய்யலாம், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் செய்யலாம்; பிறர் அறியமாட்டார்கள். ஒன்றிரண்டு மாதங்கள் தொடர்ந்து செய்தாலே பலன் தெரியத் தொடங்கும். தண்ணீரைக் குறைப்பது மட்டும் உதவாது. செறிந்த சிறுநீர் பையை உறுத்தி அவசரத்தைக் கூட்டவே செய்யும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு நீரிழப்பு தீங்கும் விளைவிக்கும். மருத்துவர் வேறு அளவு கூறியிருந்தாலன்றி, கிளினிக் நாளிலும் வழமைபோல் தண்ணீர் அருந்தலாம். காலைக் குளிசையையும் மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாவிடின் வழமையான வேளையில் எடுத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு எடுத்தார் என்பதைக் கிளினிக் கொப்பியின் ஓரத்தில் குறித்துச் செல்ல வேண்டும். கசிவு தொடங்கிய மாதத்தையும் அதன் பக்கத்திலேயே எழுதி வைத்தால், எந்தக் குளிசை எப்போது சேர்க்கப்பட்டது என்பதோடு அதனை ஒப்பிட்டுப் பார்ப்பது மருத்துவருக்கு ஒரு நிமிட வேலை.